இளையராஜா வந்த பிறகு எம்.எஸ்.வி. என்ன ஆனார்? 80களில் 'பழைய' இசையமைப்பாளர்கள் தாக்குப்பிடித்த கதை

நினைத்தாலே இனிக்கும், பில்லா, வறுமையின் நிறம் சிவப்பு, தில்லு முல்லு. இந்த நாலு படத்துக்கும் இசை யார்?

"இளையராஜா" என்று சட்டென்று சொல்லியிருந்தால் கவலைப்படாதீங்க, நிறைய பேர் அப்படித்தான் சொல்வார்கள். நாலுக்கும் இசை எம்.எஸ். விஸ்வநாதன். நாலுமே 'அன்னக்கிளி' வெளியாகி மூன்று முதல் ஐந்து வருஷம் கழித்து வந்தவை. அதாவது, 'எம்.எஸ்.வி. காலம் முடிஞ்சு போச்சு' என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் காலத்தில்.

கலசப்பாக்கத்தில் எங்க தாத்தா பட்டுத் தறியில் உட்கார்ந்தால் பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். இந்த விஷயத்தில் அவருடைய தீர்ப்பு ஒரே வரி: "ராஜா வந்தாரு, விஸ்வநாதன் போயிட்டாரு." பில்லாவுக்கு இசை எம்.எஸ்.வி. என்று போனில் தேடிக் காட்டினேன். "போடா, அதுல தப்பா போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு நாடாவைத் தட்டப் போய்விட்டார்.

தாத்தா சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் கதை இருக்கிறது.

1976ல் அப்படி என்ன நடந்தது?

1976 மே 14. தேவராஜ் - மோகன் இயக்கத்தில், பஞ்சு அருணாசலம் தயாரிப்பில் 'அன்னக்கிளி' வெளியானது. ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த பண்ணைப்புரத்து இளைஞர் இளையராஜாவுக்கு அதுதான் முதல் படம். அடுத்த வருஷமே '16 வயதினிலே'. 1990ல் வந்த 'அஞ்சலி' அவருக்கு 500வது படம். 14 வருஷத்தில் 500 என்றால், சராசரியாக வருஷத்துக்கு 35 படத்துக்கு மேல். பத்து நாளைக்கு ஒரு படம்! இந்த வேகம்தான் மற்றவர்களுக்குப் பெரிய இடி.

இதில் வேலை செய்யும் முறைக்கும் பங்கு உண்டு. எம்.எஸ்.வி. ஆர்மோனியப் பெட்டியோடு உட்காருவார். இயக்குநர் காட்சியைச் சொல்வார், கவிஞர் எதிரில் இருப்பார். ஒரு காட்சிக்கு அவர் மெட்டுமேல் மெட்டாகப் போட்டுக்கொண்டே போவார், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம் சேர்ந்த கச்சேரி அது. இளையராஜாவோ எந்த வாத்தியம் எங்கே, என்ன வாசிக்க வேண்டும் என்பதை நோட்ஸாக எழுதிக் கையில் கொடுத்துவிடுவார். ஒலிப்பதிவு மளமளவென்று முடியும். ஸ்டுடியோ வாடகையையும் வாத்தியக்காரர் சம்பளத்தையும் கணக்குப் பார்க்கும் தயாரிப்பாளர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லத் தேவையில்லை.

கூடவே படங்களும் மாறின. பாரதிராஜாவும் மகேந்திரனும் கேமராவை செட்டுக்குள்ளிருந்து ஊருக்குள் கொண்டுபோனார்கள். அந்த ஊருக்கான சத்தம் ராஜாவிடம் இருந்தது. பிறகு கேசட் வந்தது. பிடித்த பாட்டுகளைப் பட்டியல் எழுதிக் கொடுத்து, கடையில் பதிவு செய்து வாங்கிய தலைமுறைக்கு 'ராஜா பாட்டு' என்பதே ஒரு தனி வகை.

எம்.எஸ்.வி.யின் தூண்கள் சாய்ந்தது எப்படி?

ராஜா வந்ததால் மட்டும் எம்.எஸ்.வி. பின்னுக்குப் போகவில்லை. அவர் நின்றிருந்த மேடையே அந்த நாலைந்து வருஷத்தில் கழன்றுவிட்டது. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

1977 ஜூன் 30ஆம் தேதி எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆனார். 1978 தொடக்கத்தில் வந்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' அவருடைய கடைசிப் படம். இசை எம்.எஸ்.வி.தான். அதோடு எம்.ஜி.ஆர். படம் என்ற சந்தையே மூடிவிட்டது. 'உலகம் சுற்றும் வாலிபன்' மாதிரி இன்னொரு படம் எங்கிருந்து வரும்?

ஸ்ரீதர் 1977ல் எம்.ஜி.ஆரை வைத்து எடுத்த 'மீனவ நண்பன்' வரை எம்.எஸ்.வி.யோடு இருந்தார். 1978ல் 'இளமை ஊஞ்சலாடுகிறது' எடுத்தபோது இசை இளையராஜா. 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'காதலிக்க நேரமில்லை' காலத்திலிருந்து வந்த உறவு அது.

அடுத்த அடிதான் பெரியது. 1981 அக்டோபர் 17 அன்று சிகாகோவில் கண்ணதாசன் காலமானார். எம்.எஸ்.வி.க்கு அவர் வெறும் பாடலாசிரியர் இல்லை. இவர் தத்தகாரம் போட அவர் வார்த்தை போட என்று கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிய கூட்டணி. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கண்ணதாசன் ராஜாவுக்கும் எழுதியவர்தான். அவருடைய கடைசிப் பாட்டு என்று சொல்லப்படுவதே 1982ல் வந்த 'மூன்றாம் பிறை'யில், இளையராஜா இசையில் இருக்கிறது. கவிஞர் இரண்டு கரையிலும் கால் வைத்திருந்தார். எம்.எஸ்.வி.க்கு இருந்தது ஒரு கரைதான்.

50 வயதில் ஒரு பாப் இசைக்குழு!

இப்போது 'நினைத்தாலே இனிக்கும்' படத்துக்கு வருவோம். 1979. கதை சுஜாதா, இயக்கம் கே. பாலசந்தர், பாடல்கள் கண்ணதாசன். சிங்கப்பூருக்குக் கச்சேரி செய்யப் போகும் ஒரு இளைஞர் இசைக்குழுதான் கதை. கமலும் ரஜினியும் அந்தக் குழுவில் இருப்பார்கள். படம் முழுக்க மேடைப் பாட்டு, கிடார், டிரம்ஸ், சத்தம், கைதட்டல். 1928ல் பிறந்த எம்.எஸ்.வி.க்கு அப்போது வயது 50ஐத் தாண்டிவிட்டது.

கதைப்படி இது ராஜாவுக்குப் போயிருக்க வேண்டிய படம் என்று இன்றைக்கு யாரும் சொல்வார்கள். ஆனால் கேட்டுப் பாருங்கள். மேற்கத்திய பாப் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை 50 வயதுக்காரர் அத்தனை துள்ளலாகப் பிடித்திருக்கிறார். இது திடீரென்று வந்ததும் இல்லை. பாங்கோஸ், அக்கார்டியன், விசில், கிடார் எல்லாவற்றையும் 60களிலேயே தமிழ்ப் பாட்டுக்குள் தாராளமாகக் கொண்டுவந்தது விஸ்வநாதன் - ராமமூர்த்தி காலம். அவர்கள் அந்தக் காலத்துப் புதுமைக்காரர்கள் என்பதையே நாம் மறந்துவிட்டோம். 'பழைய பாட்டு' என்று ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டோம்.

அதே 1979ல் சிவாஜியின் 200வது படம் 'திரிசூலம்' வந்து பெரிய வெற்றி. இசை எம்.எஸ்.வி. 1980 ஜனவரியில் 'பில்லா'. இந்தி 'டான்' படத்தின் தமிழ் வடிவம். ரஜினியின் பாதையைத் திருப்பிப் போட்ட படங்களில் ஒன்று. அதே வருஷம் தீபாவளிக்கு 'வறுமையின் நிறம் சிவப்பு'. அதில் ஸ்ரீதேவி ராகமாகப் பாட, கமல் அந்த இடத்திலேயே வார்த்தை போட்டுக்கொண்டு வருவாரே, அந்தக் காட்சி நினைவிருக்கிறதா? எம்.எஸ்.வி.யும் கண்ணதாசனும் அறைக்குள் உட்கார்ந்து தினமும் செய்த வேலை கிட்டத்தட்ட அதுதான். பாலசந்தர் அதையே திரையில் காட்டிவிட்டார் என்று எனக்குத் தோன்றும். கண்ணதாசன் மறைவதற்கு ஒரு வருஷம் முன்னால் வந்த படம் என்பது இன்று பார்க்கும்போது கொஞ்சம் கனக்கிறது.

பிறகு 1981ல் 'தில்லு முல்லு', '47 நாட்கள்'. 1982ல் 'அக்னி சாட்சி'. விசு எழுதிய 'குடும்பம் ஒரு கதம்பம்', அவரே இயக்கிய 'மணல் கயிறு' இரண்டுக்கும் இவர்தான் இசை. 1983ல் 'பொய்க்கால் குதிரை'. ஆக, 80களின் முதல் மூன்று வருஷத்தில் எம்.எஸ்.வி. ஓய்ந்துபோகவில்லை. அவருக்கு வந்த படங்களின் அளவு சுருங்கியது, முகம் மாறியது. பெரிய நாயகர்களின் படம் குறைந்து, மத்தியதர வீட்டுக் கதைகள் கூடின. அந்தப் படங்களில் பாட்டும் குறைவு, பாட்டுக்கான செலவும் குறைவு.

கே.பி.யும் கை மாறினார்

எம்.எஸ்.வி.யின் கடைசிப் பெரிய தூண் பாலசந்தர். அவருடைய கவிதாலயா நிறுவனம் 1981லேயே 'நெற்றிக்கண்' படத்துக்கு இளையராஜாவை அழைத்துவிட்டது. ஆனால் அது எஸ்.பி. முத்துராமன் இயக்கிய படம். தான் இயக்கும் படங்களுக்கு கே.பி. ராஜாவிடம் உடனே போகவில்லை. நடுவில் 1984ல் 'அச்சமில்லை அச்சமில்லை', அடுத்து 'கல்யாண அகதிகள்' இரண்டுக்கும் வி.எஸ். நரசிம்மனை வைத்தார். அந்த நரசிம்மன், ராஜாவின் குழுவில் வயலின் வாசித்தவர்!

1985ல் 'சிந்து பைரவி'. ராஜாவுக்குத் தேசிய விருது, சித்ராவுக்குத் தேசிய விருது, சுஹாசினிக்கும் தேசிய விருது. அடுத்த வருஷம் 'புன்னகை மன்னன்'. இனி என்ன பேச இருக்கிறது? கே.பி. - எம்.எஸ்.வி. அத்தியாயம் முடிந்தது.

லண்டனிலும் இதே நேரத்தில் இதே கதை

இங்கே ஒரு சின்ன சுற்று. 70களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் 'புரோகிரசிவ் ராக்' என்று ஒரு வகை கொடிகட்டிப் பறந்தது. ஒரே பாட்டு 20 நிமிஷம் ஓடும். சிம்பொனி, ஜாஸ் எல்லாம் உள்ளே வரும். எஸ், ஜெனிசிஸ், கிங் கிரிம்சன், பிங்க் ஃப்ளாய்ட் எல்லாம் அந்தக் காலத்து ராஜாக்கள். 'அன்னக்கிளி' வந்த அதே 1976ல் லண்டனில் பங்க் ராக் கிளம்பியது. மூணு நிமிஷம், மூணு கார்டு, அவ்வளவுதான். புரோகிரசிவ் குழுக்களை ஒரே நாளில் 'பெருசுகள்' ஆக்கிவிட்டார்கள்.

80களில் அவர்கள் என்ன செய்தார்கள்? எஸ் குழு புது கிடார்காரரைச் சேர்த்துக்கொண்டு பாட்டைச் சுருக்கியது. 1983ல் வந்த அவர்களுடைய பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஜெனிசிஸில் பாடகர் பீட்டர் கேப்ரியல் போன பிறகு டிரம்ஸ் வாசித்த ஃபில் காலின்ஸே பாட ஆரம்பித்தார். 1986ல் அவர்களும் அமெரிக்க முதலிடம். பழைய குழுக்களிலிருந்து ஆள் சேர்த்து 'ஏசியா' என்று ஒரு குழு 1982ல் கிளம்பி, முதல் ஆல்பத்திலேயே ஹிட் அடித்தது. கிங் கிரிம்சன் 1974ல் கலைந்து 1981ல் வேறு சத்தத்தோடு திரும்பி வந்தது. பிங்க் ஃப்ளாய்டில் ரோஜர் வாட்டர்ஸ் விலகி, பெயர் யாருக்குச் சொந்தம் என்று சண்டையே நடந்தது.

அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. ஆளை மாற்றலாம், பெயரை வைத்துக்கொள்ளலாம். குழுவின் பெயர்தான் பிராண்ட். நம்ம ஊரில் பிராண்டே ஆள்தான். எம்.எஸ்.வி. என்ற பெயருக்குள் இன்னொருவரைப் போட முடியாது.

கே.வி. மகாதேவன்: எல்லை தாண்டி ஜெயித்தவர்

எம்.எஸ்.வி.க்கு நடந்ததுதான் எல்லோருக்கும் நடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 'திருவிளையாடல்', 'தில்லானா மோகனாம்பாள்' தந்த கே.வி. மகாதேவனின் பெரிய ஆதாரம் இயக்குநர் ஏ.பி. நாகராஜன். அவர் 1977ல் காலமானார். இன்னொரு ஆதாரமான சாண்டோ சின்னப்பா தேவர் 1978ல் போய்விட்டார். தமிழில் மகாதேவனுக்குக் கதவு அடைபட்ட மாதிரிதான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் தெலுங்கில் கே. விஸ்வநாத் இயக்கிய 'சங்கராபரணம்'. 1980 பிப்ரவரியில் வெளியாகி, தமிழ்நாட்டிலும் கொண்டாடப்பட்டது. கர்நாடக சங்கீதமே படத்தின் உயிர். மகாதேவனுக்குத் தேசிய விருது. 1967ல் 'கந்தன் கருணை'க்கு வாங்கியதற்குப் பிறகு இரண்டாவது. எஸ்.பி. பாலசுப்ரமணியம், வாணி ஜெயராம் இருவருக்கும் அதே படத்தில் தேசிய விருது. நாகர்கோவில் பக்கத்தில் பிறந்த ஒரு தமிழர், 60 வயதைத் தாண்டி, இன்னொரு மொழியில் தன் வாழ்க்கையின் உச்சத்தைத் தொட்டார். 1992ல் 'சுவாதி கிரணம்' வரை அந்தப் பயணம் நீண்டது.

சுவாரஸ்யம் என்ன என்றால், அதே விஸ்வநாத் 1983ல் 'சாகர சங்கமம்' எடுத்தபோது (நம்ம 'சலங்கை ஒலி') இசைக்கு ராஜாவிடம் போனார். ராஜாவின் முதல் தேசிய விருது அதற்குத்தான்.

வாத்தியார் தடுமாற, சிஷ்யர்கள் பிஸி

எம்.எஸ்.வி.யிடம் உதவியாளர்களாக இருந்தவர்கள் சங்கர் - கணேஷ். 1967ல் 'மகராசி' படத்தில் அறிமுகம். விமர்சகர்கள் இவர்களைப் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. ஆனால் 80களில் இவர்கள் பெயர் இல்லாத சுவரொட்டி குறைவு. 'பாலைவனச் சோலை', விஜயகாந்தைத் தூக்கிவிட்ட 'சட்டம் ஒரு இருட்டறை', ரஜினியின் 'ரங்கா', 'தாய் வீடு', 1986ல் ஏவி.எம்.மின் 'சம்சாரம் அது மின்சாரம்' எல்லாம் இவர்கள்தான்.

ரகசியம் ரொம்ப எளிது. ராஜாவின் தேதி கிடைக்காதவர்கள், அவ்வளவு பட்ஜெட் இல்லாதவர்கள், சீக்கிரம் முடிய வேண்டும் என்பவர்கள் எல்லோருக்கும் ஒரு ஆள் தேவைப்பட்டது. வருஷத்துக்கு 35 படம் செய்கிறவராலும் எல்லாப் படத்தையும் செய்ய முடியாதே! அந்த இடைவெளியில்தான் சங்கர் - கணேஷ், சந்திரபோஸ், கங்கை அமரன், டி. ராஜேந்தர் எல்லோரும் வாழ்ந்தார்கள். எம்.எஸ்.வி. அந்த இடைவெளிக்குள் ஏன் இறங்கவில்லை என்பது நியாயமான கேள்வி. மெல்லிசை மன்னர் என்று பட்டம் வாங்கிய ஒருவர் 'ராஜா கிடைக்கலைன்னா இவர்' என்ற இடத்தில் நிற்பது எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள்.

வி. குமார் கதை இன்னும் வருத்தம். 'எதிர்நீச்சல்', 'இரு கோடுகள்', 'அரங்கேற்றம்' தந்தவர். 80களில் அவர் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. பாடகர்களிலும் டி.எம். சௌந்தரராஜனுக்கு அதே நிலைமை. 'அன்னக்கிளி'யில் அவர் பாடியிருக்கிறார், 1980ல் 'ஒருதலை ராகம்' படத்திலும் அவர் குரல் பெரிய ஹிட். ஆனால் மோகனுக்கும் கார்த்திக்குக்கும் அந்தக் கம்பீரக் குரல் பொருந்தவில்லை. எஸ்.பி.பி.யும் ஜேசுதாஸும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார்கள்.

1986: இருவரும் ஒரே டைட்டில் கார்டில்

ஏவி.எம். தயாரிப்பில் ஆர். சுந்தர்ராஜன் இயக்கிய 'மெல்லத் திறந்தது கதவு' 1986ல் வந்தது. இசை: எம்.எஸ். விஸ்வநாதன் - இளையராஜா. மெட்டுகள் பெரும்பாலும் எம்.எஸ்.வி., வாத்திய அமைப்பும் பின்னணி இசையும் ராஜா. பாட்டுகளை இன்று கேட்டாலும் இரண்டு கையெழுத்தும் தனித்தனியாகத் தெரியும். பல்லவி நேராக வந்து நெஞ்சில் உட்காரும், அது எம்.எஸ்.வி. நடுவில் வரும் வயலின் கூட்டம் எங்கேயோ சுற்றிவிட்டு வரும், அது ராஜா.

இந்தக் கூட்டணியை 'ராஜா குருவுக்குக் கை கொடுத்தார்' என்று உருகிச் சொல்பவர்களும் உண்டு, 'எம்.எஸ்.வி. இறங்கி வந்தார்' என்று வருத்தப்படுபவர்களும் உண்டு. பாட்டுகள் ஜெயித்துவிட்டதால் இரண்டு வாதமும் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. 1992ல் 'செந்தமிழ்ப் பாட்டு', 1994ல் 'செந்தமிழ்ச் செல்வன்' என்று மறுபடி சேர்ந்தார்கள். 1986 மாதிரி அது எடுபடவில்லை.

1995ல் இன்னொரு சேர்க்கை நடந்தது. 1965ல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 30 வருஷம் கழித்து 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு ஒன்றாக இசையமைத்தார்கள். படம் வந்ததே இன்று பலருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு?

1992ல் 'ரோஜா' வந்தது. இளையராஜாவிடமே 'இனி உங்க காலம்?' என்று கேட்க ஆரம்பித்தார்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசலாம்.

எம்.எஸ்.வி. 1998ல் 'காதல் மன்னன்', 'காதலா காதலா' படங்களில் நடித்தார். இரண்டுக்கும் இசை வேறு ஆட்கள்! சத்தமாகப் பேசி, வெள்ளந்தியாகச் சிரித்து, அஜித் தலைமுறை ரசிகர்களுக்கு அவர் ஒரு காமெடித் தாத்தாவாகத்தான் அறிமுகம் ஆனார். ஏ.ஆர். ரஹ்மான் அவரைப் பாட அழைத்தார். 1999ல் 'சங்கமம்', 2002ல் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. பின்னதில், போரில் ஊரை விட்டுக் கிளம்பும் ஈழத்து மக்களின் காட்சிக்கு அவருடைய குரல். 70 வயதைத் தாண்டிய குரலின் அந்த நடுக்கம் இளம் பாடகர் யாரிடமும் கிடைத்திருக்காது.

அவருக்குத் தேசிய விருதும் இல்லை, பத்ம விருதும் இல்லை. கடைசி வரை கிடைக்கவே இல்லை. நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடிய தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டுப் போட்டவர் அவர் என்பதை நினைத்தால், அந்தக் கணக்கு இன்னும் உறுத்துகிறது.

2007ல் 'பில்லா' மறுபடி எடுக்கப்பட்டபோது பழைய பாட்டை ரீமிக்ஸ் செய்தவர் யுவன் சங்கர் ராஜா. 2013ல் 'தில்லு முல்லு' மறுபடி வந்தது. அதில் எம்.எஸ்.வி.யும் யுவனும் சேர்ந்தே இசை. அப்பாவோடு 1986ல், மகனோடு 2013ல்! 2015 ஜூலை 14 அன்று எம்.எஸ்.வி. காலமானார். அந்த மாதமே சென்னையில் அவருக்கு அஞ்சலியாக இளையராஜா ஒரு முழுக் கச்சேரி நடத்தினார், எம்.எஸ்.வி. பாட்டுகளை வைத்து.

இந்த யுவன் விஷயத்தைத் தாத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. பழைய பில்லாவையே அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.